விடுபட்ட ஒன்பதாவது பாட்டு

அன்பு மகனுக்கு,

உன் மெட்டல் இசை அல்பத்துக்கு நான் பத்திரிகையில் எழுதிய விமர்சனத்தை வாசித்த பிறகு, மூன்று மாதமாக நீ வீட்டுக்கு வரவில்லை. வேகம் நிறைய இருக்கிறது, ஆனால் கித்தாரும் உறுமலும் வெளிநாட்டுக் குழுக்களிடம் ஏற்கனவே கேட்டவைதான் என்று எழுதியிருந்தேன். அதில் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன்.

விமர்சனம் வந்த அன்றைக்கே அம்மா பேப்பரோடு வந்து நின்றாள்.

"இஞ்சாருங்கோ, எட்டுப் பாட்டெண்டு போட்டிருக்கிறியள். ஒன்பதெல்லோ கிடக்கு?"

"அச்சுப் பிழை," என்றேன்.

"ஊராற்றை பேர் பிழைச்சாலே அடுத்த நாள் திருத்தம் போடுவியள். பெத்த பிள்ளைக்குப் போடமாட்டியளோ?"

போடவில்லை. அது அச்சுப் பிழை அல்ல. ஒன்பதாவது பாட்டில் நீ அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாய். நீர்வேலியில் பஸ் மோதி அவன் இறந்த செய்தியைப் பேப்பருக்கு நான்தான் எழுதினேன். வயது, நேரம், இடம் எல்லாம் சரியாக எழுதினேன். உன் பாட்டில் அந்தப் பெயர் வந்ததும் நிறுத்திவிட்டேன். அதற்குமேல் இன்றுவரை கேட்கவில்லை.

அம்மா முழுவதும் கேட்டாள். "இது ஆரையும் மாதிரி இல்லை," என்று மட்டும் சொன்னாள். அன்று மத்தியானம் அவள் அடுப்பு மூட்டவில்லை.

நாளைய பேப்பரில் பாட்டுகள் ஒன்பது என்று திருத்தம் வரும். அந்தப் பாட்டைப் பற்றி அதில் எதுவும் இராது. கேட்காததைப் பற்றி நான் எழுதுவதில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வீட்டில்தான் இருப்பேன். நீ வந்து பக்கத்தில் இருந்தால் அந்தப் பாட்டைக் கேட்பேன்.

அப்பா