ஒரே கட்டில், இரண்டு ஷிப்ட்

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

என் கட்டில் பங்காளிக்கு வந்திருப்பது ஃப்ளூதான் என்று விடுதி நர்ஸ் இன்று காலை உறுதியாகச் சொன்னார். நான் நலம், பயப்படாதே. அங்கே நீயும் அத்தையும் பிள்ளையும் நலமா?

பகலில் அவனும் இரவில் நானுமாக ஒரே தலையணையில் தூங்கி வந்தோம். போன வாரம் வேலையிடத்தில் தடுப்பூசி போட்டபோது அவன் விடுதியில் தூக்கத்தில் இருந்தான். நான் போட்டுக்கொண்டேன், முழுப் பலன் தர இன்னும் ஒரு வாரமாகுமாம்.

அவனைத் தனியறையில் வைத்திருக்கிறார்கள். "அண்ணே, கட்டில முழுசா வச்சுக்க. காய்ச்சல்ல மட்டும் பங்கு கேக்காத!" என்று கதவுக்குப் பின்னாலிருந்து கத்துகிறான். கட்டில் முழுதும் கிடைத்தும் தூக்கம் பிடிக்கவில்லை.

ஆறு மாதம் ஆகாத பிள்ளைக்கு ஊசி கிடையாது. நீங்கள் இருவரும் போட்டுக்கொள்ளுங்கள். உன் பழைய சேலையில் எனக்கென்று தனியாக இரண்டு தலையணை உறை தைத்து வை.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை நர்ஸ் என்னைப் பார்ப்பார். காய்ச்சல் இல்லையென்றால் ஊருக்கு வர லீவு உண்டு. பிள்ளையை முதன்முதலாகத் தூக்குவேன்.

உன் வீட்டுக்காரன்