புனைபெயருக்கு விழுந்த அடி

மார்ச் 8, திங்கள்

இன்று முப்பத்தொரு தடவை செத்தேன். பதினெட்டு தடவை கோடரியில், ஒன்பது தடவை தீயில், மீதி பாலத்திலிருந்து தள்ளிவிட்டு.

‘இரும்புவனம்’ வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. ஒரே நேரத்தில் லட்சம் பேர் ஆடும் கம்ப்யூட்டர் ஆட்டம். குகைக்குப் போக ஒரே பாலம். அந்தப் பாலத்தை ஒரு கும்பல் பிடித்து வைத்திருக்கிறது. புதிதாக வருகிற எவனையும் கடக்க விடுவதில்லை. தலைவன் பெயர் பனிக்கோடரி. கொன்ற பிறகு பிணத்தின் மேல் ஏறி நின்று குதிப்பான். என் பிணத்தின் மேல் முப்பத்தொரு தடவை குதித்தான்.

விமர்சனம் புதன்கிழமை போக வேண்டும். பதினோரு வருஷமாக இதே பிழைப்பு. வெட்டினால் வெட்டிய கனம் கையில் தெரிகிறதா, எலும்பு முறிகிற சத்தம் சரியாக விழுகிறதா - அதற்கு நட்சத்திரம் போடுகிறேன். படிக்கிறவர்களுக்கு என்னை ‘கரடிக்கை’ என்றுதான் தெரியும். மீசை வைத்த தடியன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மேங் சூரான் என்ற முப்பத்தாறு வயசுப் பெண் என்று ஆபீஸில் ஆறு பேருக்குத்தான் தெரியும்.

மார்ச் 10, புதன்

எழுதி முடித்தேன். அடியின் கனத்துக்கு ஐந்துக்கு ஐந்து. அது உண்மை, மறைக்க முடியாது. மற்றதற்கெல்லாம் திட்டு. கடைசியில் ஒரு வரி: “அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் பனிக்கோடரி என்ற ஆளிடம் மிச்சம் ஒன்றுமில்லை.”

பக்கத்து நாற்காலி தால்ஹோ அண்ணன் எட்டிப் படித்துவிட்டு மேசையைத் தட்டிச் சிரித்தார். அவரும் விமர்சகர்தான், எனக்கு ஐந்து வருஷம் மூத்தவர்.

“அடிப்பாவி! இதைப் போயி கடைசியில வச்சிருக்கியே. தலைப்பா போடு.”

அவரே எடுத்துத் தலைப்பாகப் போட்டார். ஆட்டத்தை விமர்சிக்க வந்தவள் ஆளைப் பற்றி ஏன் எழுதினேன்? முப்பத்தொரு குதிப்புக்குப் பதில் ஒரு குத்து. குத்தும்போது நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 12, வெள்ளி

இரண்டாயிரத்து முந்நூறு பின்னூட்டம். பாதிப்பேர் பனிக்கோடரியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

மார்ச் 19, வெள்ளி

ஆபீஸுக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே ஒரு பொம்மைக் கரடி. வலது கையைத் தோளோடு அறுத்து, அந்த இடத்தில் சிவப்பு மை ஊற்றியிருந்தது. கூடவே ஒரு காகிதம்: “ஏப்ரல் மூணு, சனி, மதியம் ரெண்டு. புப்யோங் ஸ்டேஷன் பின்னாடி வண்டி நிறுத்துற இடம். ஆம்பளையா இருந்தா தனியா வா. வரலேன்னா நான் ஆபீஸுக்கு வர்றேன். எத்தனாவது மாடின்னும் தெரியும்.”

போலீஸில் காட்டினோம். இளம் அதிகாரி பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “விளையாட்டுல சண்டையா? கம்ப்யூட்டரை அணைச்சிட்டா சரியாப் போயிடும்.”

மார்ச் 31, புதன்

தால்ஹோ அண்ணன் தான் போவதாகச் சொல்கிறார்.

“அவன் தேடி வர்றது ஒரு தடியனை. நீ போய் நின்னா நம்பவே மாட்டான். நான் காலேஜ்ல மல்யுத்தம் பண்ணவன். நாலு வார்த்தை பேசி, தோள்ல கை போட்டு, சாராயம் வாங்கிக் குடுத்து அனுப்பிடறேன்.”

“எழுதினது நான், அண்ணே.”

“தலைப்பு நான் வச்சது. நீ எதிர்ல பேக்கரியில உக்காந்து பாத்துக்கோ. ஏதாவதுன்னா போலீஸுக்கு போன் பண்ணு.”

சரி என்றேன். ஏன் சரி என்றேன்?

ஏப்ரல் 3, சனி

எழுத முடியவில்லை. விரல் மடங்கவில்லை.

ஏப்ரல் 5, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். இங்கேயாவது.

நல்ல வெயில். பேக்கரிக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ரெண்டு மணி அடிக்க மூன்று நிமிஷம் இருக்கும்போது ஒருவர் வந்தார். நாற்பதைத் தாண்டியவர், ஒல்லி, சாம்பல் நிற வேலைச்சட்டை. தால்ஹோ அண்ணனைப் பார்த்ததும் லேசாகத் தலை குனிந்து வணங்கினார். அதைப் பார்த்து எனக்கு மூச்சு வந்தது. கதவை லேசாகத் திறந்து வைத்துக் கேட்டேன்.

“கரடிக்கை நீங்கதானா?”

“நான்தான். வாங்க, உக்காந்து பேசு -”

“அந்த வரியை வாய்விட்டுச் சொல்லு.”

“அட விடுங்க, அண்ணாச்சி.”

“சொல்லுடா.”

அண்ணன் சிரித்தார். சமாதானத்துக்குச் சிரித்த சிரிப்பு அது, எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. சட்டைக்குள்ளிருந்து இரும்புத் தடியை உதறினான். மடக்குத் தடி, உதறினால் நீளும். முதல் அடி முழங்கையில். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். குனிந்த முகத்தில் இரண்டாவது அடி.

பெரிய சத்தமே இல்லை. ஈரத்துணியைத் தரையில் போட்டதுபோல். அண்ணன் ரெண்டு கையாலும் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு மண்டி போட்டார். விரல் இடுக்கில் ரத்தம். அதோடு வேறு ஏதோ. அவன் மறுபடி ஓங்கினான்.

போன் என் கையில்தான் இருந்தது. போன் பண்ணவில்லை. வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளில் மாட்டியிருந்த ஹெல்மெட்டை உருவிக்கொண்டு ஓடினேன். பின்மண்டையில் அடித்தேன். அவன் விழுந்தான். தடி உருண்டு ஒரு வண்டிக்கு அடியில் போய்விட்டது. உருண்டதைப் பார்த்தேன். அவன் மல்லாந்து என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“யாருடி நீ?”

“நான்தான்டா கரடிக்கை.”

அவன் முகத்தில் கோபமே இல்லை. ஒன்றும் புரியாத முகம். அந்த முகத்தில் அடித்தேன். மறுபடி அடித்தேன். ஐந்து. தாடை விலகுவது ஹெல்மெட் வழியாகக் கைக்கு வந்தது. மூன்றாவதிலேயே அவன் கையைத் தூக்கிவிட்டான் - போதும் என்று. பார்த்தேன். பார்த்த பிறகுதான் மிச்ச ரெண்டும்.

பேக்கரிக்காரர்தான் என்னை இடுப்போடு தூக்கி இழுத்தார்.

ஏப்ரல் 9, வெள்ளி

அண்ணனின் இடது கண்ணை எடுத்துவிட்டார்கள்.

கஞ்சி ஊட்டினேன். “உனக்கு அடி படலியே?” என்று கேட்டார். வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து சுவரில் தலையை முட்டிக்கொண்டேன்.

அன்றே வாக்குமூலம். “அவன் விழுந்த பிறகும் அடிச்சியாம்மா?” என்று கேட்டார் துப்பறியும் அதிகாரி. நினைவில்லை என்றேன்.

ஏப்ரல் 20, செவ்வாய்

பனிக்கோடரியின் நிஜப் பெயர் குக் சாங்பில். வயசு நாற்பத்து மூன்று. கார் தொழிற்சாலையில் பதினாறு வருஷம் வேலை பார்த்து, போன வருஷம் வெளியே அனுப்பப்பட்டவன். தாடையில் மூன்று முறிவு, ஒரு காது கேட்கவில்லை. வழக்கு இருதரப்பு அடிதடி என்று பதிவாகியிருக்கிறது. அவனும் குற்றவாளி, நானும் குற்றவாளி.

பாலத்தில் அவனுக்குக் கீழே நூற்றி நாற்பது பேர் இருந்தார்களாம். எல்லாரும் ‘தலைவரே’ என்றுதான் கூப்பிடுவார்களாம்.

ஏப்ரல் 27, செவ்வாய்

ரயிலில் பக்கத்தில் ஒருவர் மடக்குக் குடையை உதறித் திறந்தார். அவர் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிவிட்டேன். ஆள் அலறினார். மன்னிப்புக் கேட்டு அடுத்த ஸ்டேஷனில் இறங்கி நடந்தேன்.

மே 11, செவ்வாய்

சாங்பிலின் மனைவி ஆபீஸ் வாசலில் காத்திருந்தார். கையில் ஒரு பெட்டி பேரிக்காய்.

“நிருபரம்மா, தப்பு எங்க மேலதான். அந்த ஐயாவோட கண்ணுக்கு என்ன சொல்லியும் ஈடாகாது. ஆனா வக்கீல் ஒரு வழி சொல்றாரு. தண்டனை வேணாம்னு அவர் ஒரு கடிதம் குடுத்தா, உங்க மேல வேணாம்னு நாங்களும் குடுத்துடறோம். ரெண்டு பக்கமும் லேசா முடிஞ்சிரும்.”

“உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?”

“வாயைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கு. எழுதித்தான் காட்டுவாரு.” தயங்கினார். “ஒரு பொண்ணுதான் எழுதினதுன்னு தெரிஞ்சிருந்தா போயே இருக்க மாட்டேன்னு எழுதினாரு.”

அப்படியானால் அண்ணனின் கண் முகத்திலேயே இருந்திருக்கும். என் பெயரில் எழுதியிருந்தால். ஒரே ஒரு பெயர்.

பேரிக்காய்ப் பெட்டியை வாங்கித் தரையில் அடித்தேன். சாறு அந்த அம்மாள் காலில் தெறித்தது. அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். நானும் குனிந்து பொறுக்கினேன். வேறு என்ன செய்ய?

மே 13, வியாழன்

தால்ஹோ அண்ணன் கையெழுத்துப் போடத் தயாராகிவிட்டார்.

“போட்டாலும் கண்ணு வராது, போடலேன்னாலும் வராது. உன் வேலையாவது மிஞ்சட்டும், சூரான்.”

“அவன் ரெண்டு மாசத்துல வெளிய வந்து நடமாடுவான், அண்ணே.”

“நடமாடட்டும். நீ உள்ள போகாம இருந்தா போதும்.”

“அவன் கையைத் தூக்கினான். அப்புறமும் அடிச்சேன். நீங்க பாக்கல.”

எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு, “அதை யார்கிட்டயும் சொல்லாதே,” என்றார்.

எனக்காக அவர் கண்ணை விலையாக வைக்கிறார். நான் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதா?

மே 17, திங்கள்

சொல்லிவிட்டேன். அதிகாரியிடம் நானே போய் உட்கார்ந்து, எத்தனை, எங்கே, அவன் எப்போது கையைத் தூக்கினான் - எல்லாம். அவர் தட்டச்சை நிறுத்திவிட்டு, “வக்கீலுக்குத் தெரிஞ்சுதான் வந்தியா?” என்றார். இல்லை என்றேன். அப்புறம் மறுபடி தட்டினார்.

இனி அவர்கள் கடிதம் கொடுத்தாலும் என்னைப் பெரிதாகக் காப்பாற்றாது. அதனால் அண்ணன் கடிதம் கொடுக்க வேண்டியதில்லை.

போனில் அண்ணன் கத்தினார். “முட்டாள்! நான் கேட்டேனா? உன் மனசு சுத்தமாகணும், அதுக்கு என்னை ஏன் இழுக்கிற?” வைத்துவிட்டார்.

அவர் சொல்வதும் சரிதானோ.

ஆகஸ்ட் 26, வியாழன்

தீர்ப்பு. அவனுக்கு இரண்டரை வருஷம் சிறை. எனக்கு எட்டு மாதம், ஆனால் நிறுத்திவைப்பு, உள்ளே போக வேண்டியதில்லை; கூட நூற்றிருபது மணி நேரம் சமூக வேலை. ஆபீஸில் ஏற்கனவே ராஜினாமா வாங்கிவிட்டார்கள்.

அவனைக் கூட்டிப்போகும்போது தாடை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. தால்ஹோ அண்ணன் பக்கம் திரும்பி இடுப்பு மடங்க வணங்கினான். என்னைப் பார்க்கவில்லை. நல்லது. பார்த்திருந்தால் என் கை என்ன செய்திருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அக்டோபர் 14, வியாழன்

சமூக வேலைக்கு ஒரு முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்புத் துவைக்கிறேன். அண்ணன் ஐந்து மாதமாகப் பேசவில்லை.

நவம்பர் 21, ஞாயிறு

காலையில் போன். “சும்மாதானே இருக்க? வீட்டுக்கு வா.” அவ்வளவுதான்.

போனேன். புது ஆட்டம் ஒன்று, புதன்கிழமை விமர்சனம் கொடுக்கணுமாம். உடம்பெல்லாம் தகரம் கட்டிய படை, சேற்றில் சண்டை, தலைகள் பறக்கின்றன. அண்ணன் வலது பக்கம் வருகிறவர்களையெல்லாம் சரியாக வெட்டுகிறார். இடது பக்கம் வருகிறவன் அவரை வெட்டுகிறான். ஏழாவது தடவை செத்தபோது கையிலிருந்த கன்ட்ரோலரை மேசையில் எறிந்தார். திரையைப் பார்த்தபடியே, என்னைப் பார்க்காமல்,

“சும்மா ஏன் நிக்கிற? சொல்லேன்.”

நாற்காலியை இழுத்து அவர் இடது பக்கம் போட்டுக்கொண்டேன்.

“ரெண்டு பேர், அண்ணே. ஈட்டியோட.”

“எவ்ளோ தூரத்துல?”

“பத்தடி. முன்னால வர்றவன் குட்டையா இருக்கான். இப்ப - இப்ப திரும்புங்க.”

திரும்பினார்.