உம்மாவின் தண்ணீர்க் குடம்

அன்புள்ள வாப்பாவுக்கு, றுஸ்னாவின் ஸலாம். மூட்டுவலி எப்படி இருக்கிறது? குவைத்தில் நான் சுகம். என் போனை வேலைவீட்டு மேடம் வாங்கி வைத்திருப்பதால், லீவில் ஊருக்கு வருகிற பர்வினிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

உம்மா மௌத்தாகிக் கண்மூடின நாளிலிருந்து அவவின் குரல்தான் காதில் கேட்கிறது. எண்பது வயதிலும் தெருவாசல் படலையடியில் போறவாறவைக்குத் தண்ணீர்க் குடம் நிரப்பி வைத்தாவே. "நாங்க புத்தளத்துக்கு அகதியாப் போகேக்க ஆரோ தண்ணி தந்தவைதானே. வாறது ஆரெண்டு கேளாத, முதல்ல குடு" என்பா.

நேற்று மத்தியானம் பின்பக்கக் கேற்றில் ஒரு பெண் தண்ணீர் கேட்டாள். பக்கத்து வீட்டிலிருந்து தப்பி ஓடிய பணிப்பெண் என்று பார்த்ததும் தெரிந்தது. அப்படியானவர்களுக்கு உதவினால் எங்களையும் பிடிப்பார்களாம். நான் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீரும் ரொட்டியும் கொடுத்தேன்; போய்விட்டாள். பெரிய விஷயமில்லை, வாப்பா. கேற்றுக்கு மேலே கமரா இருப்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

குடத்தை வெறுமையாக விடாதீங்கோ. உம்மாவுக்காகக் குர்ஆன் ஓதுகிற கத்தத்தில் எனக்கும் துஆக் கேளுங்கோ. அவ போட்டுத் தொழுத துப்பட்டியை, பர்வின் திரும்பி வரேக்க அவளிடம் கொடுத்துவிடுங்கோ. கழுவ வேண்டாம்.

மேடம் கூப்பிடுகிறார். எப்போதும் "ஏய்" என்பவர், இன்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்.

உங்கள் மகள்
றுஸ்னா