மூன்று முறை கழுவிய குழாய்

சங்கரன்கோவில்
16-5-1981

அன்பு மகன் ஆதமுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அம்மாவும் உன் தங்கை ஜன்னத்தும் உடம்பளவில் சுகம், நீயும் அங்கே இறைவன் காவலில் சுகமாக இருக்கவேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஜன்னத்தைப் புளியங்குடியிலிருந்து பிரசவத்துக்கு அழைத்து வந்துவிட்டோம், ஏழாம் மாதம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவள் கேட்பதாக இல்லை, ஊறுகாய் ஜாடியைப் பூட்டி வைக்கவேண்டியிருக்கிறது. மழை இல்லை. நாலு நாளைக்கு ஒரு முறைதான் தெருக்களுக்குத் தண்ணீர் திறக்கிறேன், வால்வுச் சாவியோடு என்னைக் கண்டால் பெண்கள் ஏசுகிறார்கள், வானத்தைத் திறக்கிற சாவியும் என்னிடம்தான் இருக்கிறது என்று நினைப்பு போல.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. உன் அம்மாவிடம் முதல் பக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு மீதியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகவில்லை. இருபத்தாறு வருஷத்தில் காய்ச்சல் இல்லாமல் நான் வீட்டில் படுத்தது அன்றைக்குத்தான். வெள்ளத்துரை இறந்துவிட்டான் என்று கம்பெனித் தந்தி வந்து ஒரு மாதம் ஆகிறது. வயிற்று நோய் என்று மட்டும் அதில் இருந்தது. உடம்பும் வரவில்லை, அங்கேயே அடக்கிவிட்டார்கள். அவன் அப்பா பிச்சையாவும் நானும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள், தறியில் கிடந்து இருமுகிறவனை உன்னோடு அனுப்பச் சொல்லி அந்த வீட்டில் நாலு நாள் பேசியவனே நான்தான். அவன் எதனால் செத்தான் என்பதை நீ இப்போதுதான் எழுதியிருக்கிறாய்.

அந்த அரபு நாட்டில் கம்பெனி போடுகிற ரோடு நீள நீள நீங்கள் தங்கும் சக்கர வீடுகளும் கூடவே நகரும், ஒவ்வொன்றுக்கும் அடியில் குடிதண்ணீருக்கு ஒரு தொட்டி, கழிவுக்கு ஒரு தொட்டி, அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை என்று முன்பு நீ எழுதியபோது எனக்குப் பெருமையாக இருந்தது. என்னிடம் குழாய் வேலை கற்றவன் என்று எல்லாரிடமும் சொன்னேன். அப்போதே கழிவுத் தொட்டியின் வால்வை எந்நேரமும் திறந்தே வைத்திருப்பதாக எழுதியிருந்தாய், நம் ஆட்கள் காகிதத்தால் துடைக்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதால் தொட்டி இரண்டே நாளில் நிறைந்துவிடுகிறது என்றாய். அப்படிச் செய்தால் நீர் மட்டும் ஓடிவிடும், கட்டி அடியில் காய்ந்து கிடக்கும், மூடி வைத்து முக்கால்வாசி நிறைந்த பிறகு ஒரே மூச்சில் திறந்துவிடு என்று பதில் போட்டேன். போட்டதோடு சரி. அந்தக் கழிவை எந்தக் குழாயில் வெளியேற்றுகிறாய், அதை எங்கே வைக்கிறாய் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான்.

குடிதண்ணீர்க் குழாய் வெயிலில் வெடித்துவிட்டது, தண்ணீர் லாரிக்காரன் நிற்கமாட்டேன் என்று அவசரப்படுத்தினான், அதனால் கழிவுக்கு வைத்திருந்த ரப்பர் குழாயைச் சோப்புப் போட்டு மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி மாட்டினேன் என்று எழுதியிருக்கிறாய். மூன்று தடவை கழுவினால் சுத்தம்தானே அத்தா என்று வேறு கேட்கிறாய். நான்தான் சொல்லிக் கொடுத்தேன், மறுக்கவில்லை. உனக்கு ஏழு வயதில் கிணற்றடியில் உட்கார வைத்து, அசுத்தம் பட்ட துணியை எப்படி மூன்று முறை நனைத்துப் பிழிவது என்று என் கையாலேயே காட்டினேன். அது தொழுகைக்கு நிற்கிறவனின் துணிக்கும் உடம்புக்கும் சொன்னது மகனே. இருட்டாகக் கிடக்கும் பதினைந்து அடி ரப்பர் குழாய்க்குள் எது ஒட்டியிருக்கிறது என்று மூன்று தண்ணீருக்குத் தெரியுமா? இந்த வித்தியாசத்தை நான் உனக்குச் சொன்னதே இல்லை. இவ்வளவு காலம் ஊர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலக்கியவன், என் மகனுக்கு அதைச் சொல்லாமல் விட்டேன்.

ஆனால் அதற்குப் பிறகு நீ செய்ததற்கு நான் பொறுப்பில்லை. ஆறு பேர் வாந்தியும் பேதியுமாகக் கிடந்தபோது, சாப்பாட்டில் ஏதோ கோளாறு என்று மேலதிகாரியிடம் சொல்லியிருக்கிறாய். நாலாம் நாள் ஆஸ்பத்திரி போகிற வழியில் வெள்ளத்துரை செத்த பிறகும் சொல்லவில்லை. திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயம். தொட்டியை இரண்டு தடவை காலி செய்து நிரப்பினேன், இப்போது யாருக்கும் ஒன்றுமில்லை என்று எழுதுகிறாய். மீதிப் பேர் இன்னும் அதில்தானே குடிக்கிறார்கள்? அதை நினைத்துத்தான் புதன்கிழமை தந்தி கொடுத்தேன், அந்தத் தண்ணீர் வேண்டாம், அதிகாரியிடம் சொல் என்று. தந்தி ஆபீசில் இருந்தவர் இது என்ன செய்தி என்று இரண்டு தடவை கேட்டார். கிடைத்திருந்தால் செய்திருப்பாய். கிடைக்காவிட்டால் இந்தக் கடிதத்தைக் கீழே வைத்ததும் செய். அந்தக் குழாயை அறுத்துப் போடு, வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது. தொட்டி நிறையப் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர் ஊற்றி, உள்ளே இருக்கிற ஒவ்வொரு குழாயையும் அந்த வாடை வருகிறவரை திறந்து மூடு. ஒரு நாள் ஊறட்டும். அப்புறம் வாடை போகிறவரை நல்ல தண்ணீர் விட்டு வடி. இனிமேல் குடிதண்ணீர்க் குழாய் தனி, அதன் இரண்டு வாயையும் மூடி உயரத்தில் தொங்கவிடு, கழிவுக் குழாயைத் தொட்ட கையால் அதைத் தொடாதே.

இங்கே என்ன நடந்தது என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளத்துரை அரபு நாட்டில் கள்ளச் சாராயம் குடித்துக் குடல் வெந்து செத்தான் என்று ஊரில் ஒரு பேச்சு. யார் கிளப்பினார்களோ தெரியாது. பிச்சையா கடைத்தெருப் பக்கம் வருவதை விட்டு இருபது நாளாகிறது. அவன் மருமகள் அன்னக்கிளியின் பிறந்த வீட்டிலேயே குடிகாரன் பெண்டாட்டி என்று பேசியிருக்கிறார்கள். உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு அந்த வாசலை நான் இரண்டு தடவை தாண்டிப் போனேன். புதன்கிழமை உன் அம்மா என் சட்டையைத் துவைக்க எடுத்தபோது கடிதம் அகப்பட்டது, ஜன்னத்தை விட்டு முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டாள். அழவில்லை. நீங்க போயிச் சொல்லுதியளா, நான் போகட்டுமா என்று மட்டும் கேட்டாள்.

வியாழக்கிழமை போனேன். வீட்டில் பிச்சையாவும் அன்னக்கிளியும் இருந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன், உன் பெயரையும் சொன்னேன். பிச்சையா என்னை அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவனோ, “எம் மவன் குடிச்சுச் சாவலன்னு நாலு பேரு கேக்கச் சொல்லுவீரா வே?” என்று கேட்டான். நேற்று ஜும்ஆத் தொழுகை முடிந்து பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பெஞ்சு நிறைய ஆள் இருக்கும்போது எழுந்து நின்று சொன்னேன். என் மகன் மாட்டிய குழாயால் செத்தான், அவன் சொட்டுச் சாராயம் தொடவில்லை என்றேன். கடைக்காரர் என் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார், கொடுக்கவில்லை. என் வாழ்நாளில் அப்படிக் கூசி நின்றதில்லை.

நேற்றுச் சாயங்காலம் அன்னக்கிளி நம் வீட்டுக்கு வந்தாள். உன் அம்மா உள்ளே கூப்பிட்டும் வரவில்லை, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோபமாகவும் கேட்கவில்லை. “ஆதம் அண்ணனும் அந்தத் தண்ணியத்தான மாமா குடிச்சாக? அவுகளுக்கு ஒண்ணும் செய்யலயா?” என்றாள். அவள் போன பிறகு உன் கடிதத்தை எடுத்து நாலு தடவை வாசித்தேன். யார் யார் படுத்தார்கள் என்று ஆறு பேரையும் பெயர் சொல்லி எழுதியிருக்கிறாய். அதில் நீ இல்லை. நீயும் குடித்து இறைவன் உன்னை விட்டு வைத்தானா, இல்லை உன் மனதில் சந்தேகம் இருந்து நீ மட்டும் வேறு தண்ணீர் குடித்தாயா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் இரவு முழுக்க விழித்துக் கிடந்தேன். உன் அம்மாவும் தூங்கவில்லை.

அதிகாரி உன்னைத் திருப்பி அனுப்பினால் வந்து சேர், வீடு இருக்கிறது. ஜெயிலில் போட்டாலும் நீ என் மகன்தான், உனக்காக இறைவனிடம் கையேந்துவதை நாங்கள் நிறுத்தமாட்டோம். இறைவன் உன் நாக்குக்கு உண்மையையும் அதைச் சொல்கிற தைரியத்தையும் கொடுக்கட்டும், உன்னோடு இருக்கிறவர்களைக் காப்பாற்றட்டும். வெயிலில் தலையில் துணி இல்லாமல் நிற்காதே. அவள் கேட்டதற்குப் பதிலை எனக்கு எழுதவேண்டாம். அன்னக்கிளி பெயரைப் போட்டு அவள் வீட்டுக்கே எழுது. அவளுக்கு வாசிக்கத் தெரியும்.

இப்படிக்கு உன் அத்தா,
மைதீன் பாட்சா