ஒன்பது நிமிடம் முந்திய கல்

கிணத்துக்கடவு,
3 நவம்பர் 2024

அன்புள்ள ரூபா,

உன் நலம் அறிய ஆவல் என்று எழுதினால் சிரிப்பாய். நேற்றுத்தான் வாட்ஸப்பில் உன் தொப்பையைப் பார்த்தேன். ஆனாலும் வம்பு என்பது போனில் பேச ஏற்ற சரக்கல்ல. பக்கத்தில் என் வீட்டுக்காரி அம்மணி காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். அதனால்தான் இந்த மெயில்.

முதல் சேதி: தென்னைக்கு வேர்வாடல் நோய் முற்றி, நூற்று நாற்பது மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டேன். ஊரே துக்கம் கேட்க வந்தது. "கவலப்படாதீங்க, வானம் நல்லாத் தெரியுது" என்றேன். அன்றிலிருந்து எனக்குத் தலையில் அடிபட்டுவிட்டதாகப் பேச்சு. பி.எஸ்ஸி. இயற்பியலில் மூன்று அரியரை இன்றுவரை முடிக்காதவன் தோட்டத்தில் தொலைநோக்கி வைத்தால் வேறென்ன பேசுவார்கள்?

இரண்டாம் சேதி: தொலைநோக்கிக் கொட்டகையின் தகரக் கூரை தள்ளினால் நகர்கிறது. செயற்கைக்கோள் படத்தில் நீ கோடு போட்டு அனுப்பிய அதே இடத்தில், மேற்கே எட்டடிச் சுவரும் எழுப்பியாயிற்று. பொள்ளாச்சி ரோட்டு லாரி வெளிச்சம் ஒரு பொட்டுகூட உள்ளே வரவில்லை.

சுவரைப் பார்க்க உன் அம்மாவும் வந்திருந்தார். இடுப்பில் கை வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"ஏனுங்க சாமி, தடத்த அடச்சுப் போட்டீங்களே, நான் போறப்ப எந்தப் பக்கமுங்க போறது?"

"நீ எங்க போற பாவாத்தா? நூறு வயசுக்கு உனக்குச் சாவே கெடையாது, போ" என்றேன். சிரித்துக்கொண்டே போனார்.

வானத்துக் கல் எப்போது வருகிறது?

உன்
திருமலைசாமி


பிராக்,
5 நவம்பர் 2024

அன்புள்ள திருமலை,

தென்னைக்கு வருந்துகிறேன், நீங்கள் சிரித்துச் சொன்னாலும்.

கல் பிப்ரவரி கடைசி வாரம் பூமியை நெருங்குகிறது. நூற்றைம்பது மீட்டர் அகலம். ஒரு சுற்றுக்கு இரண்டரை மணி நேரம். அகலப் பக்கம் நம்மைப் பார்த்தால் வெளிச்சம் கூடும், ஒடுங்கிய பக்கம் பார்த்தால் குறையும். குறைகிற அந்த நேரத்தைத்தான் நாம் பிடிக்க வேண்டும். வெயிலில் சூடான பக்கம் வெப்பத்தைக் கோணலாக வெளியே விடும்போது கல்லைத் துளித்துளியாகத் தள்ளுகிறது. என் கணக்கு சரியென்றால், போன தடவை பார்த்ததிலிருந்து நாலு வருடத்தில் சுழற்சி கூடி, வெளிச்சம் ஒன்பது நிமிடம் முன்னதாகக் குறைய வேண்டும். இங்கே அது தொடுவானத்தைவிட்டு மேலே வராது. உங்கள் தோட்டத்தில் தலைக்கு மேலே நிற்கும்.

இன்னொன்று, சுவர். தவறு என்னுடையது. லாரி ரோட்டை மட்டும் பார்த்துக் கோடு போட்டேன். எங்கள் காலனியிலிருந்து ஓடையோர இடுகாட்டுக்குப் போகும் தடத்தை அது வெட்டுகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்பாவை அந்தத் தடத்தில்தான் தூக்கிப் போனேன். அதுவே மறந்திருக்கிறது. அதை விட்டால் கோயில் வீதிதான்; அங்கே எங்கள் பாடையை விடமாட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. டாக்டர் மாதக்கணக்கில்தான் சொல்கிறார். நாலு பேர் தூக்கிப் போகிற அகலத்துக்கு ஒரு வாசல் விடுங்கள். கதவில் கறுப்புத் துணி கட்டினால் வெளிச்சம் வராது.

அன்புடன்
ரூபன்


கிணத்துக்கடவு,
29 ஜனவரி 2025

அன்புள்ள ரூபா,

பொங்கல் முடிந்து இரண்டு கிலோ ஏறிவிட்டேன். கூரையைத் தள்ளுவதற்குள் எனக்கும் கூரைக்கும் சேர்ந்து மூச்சு வாங்குகிறது. ஒத்திகைப் படங்கள் அனுப்பியிருக்கிறேன், பார்.

வாசலை மறக்கவில்லை. கொத்தனார் தைப்பூசத்துக்குச் சென்னிமலைக்குக் காவடி எடுக்க மாலை போட்டிருக்கிறான். அதுவரை கரண்டியைத் தொடமாட்டானாம். காவடிக்கும் கரண்டிக்கும் என்ன பகையோ, முருகனைத்தான் கேட்க வேண்டும்.

சரி, கொத்தனார் சாக்குத்தான். பெரியப்பா மகன் தம்பிதுரை வந்து வீட்டு வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"ஏந் திருமல, சொவரு கட்டி நல்ல காரியம் பண்ணிப்போட்டே. இப்ப வாசல் உட்டீன்னா அது பொதுத் தடம்னு ஆயிரும். நாளைக்கே சர்வேயரக் கூட்டியாந்து அளந்துபோடுவாங்க. உம்பட புள்ள கல்யாணத்துக்கு நாங்க வந்து நிக்கோணுமா, வேண்டாமா?"

நந்திதாவுக்கு வைகாசியில் கல்யாணம். எனக்கு இந்த உலகத்தில் யாரிடமும் பயமில்லை, பங்காளிகளையும் அம்மணியையும் தவிர. மீதி யார் இருக்கிறார்கள் என்று கேட்காதே. மார்ச்சில் கல் போகட்டும், சுவரில் கை வைக்கிறேன். உன் அம்மாவை நேற்று ரேஷன் கடையில் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறார்.

உன்
திருமலைசாமி


பிராக்,
30 ஜனவரி 2025

அன்புள்ள திருமலை,

அம்மா வீட்டைவிட்டு வெளியே வந்து ஐந்து வாரமாகிறது என்று தங்கை செவ்வந்தி சொல்கிறாள். ரேஷன் கடையில் நீங்கள் யாரைப் பார்த்தீர்களோ.

நாளைக்கே சுவரை இடியுங்கள். வெளிச்சம் வந்து அளவு கெட்டால் கெடட்டும். கல் நாலு வருடத்தில் மறுபடி வரும். இந்தக் கணக்கோடு பதினோரு வருடம் காத்திருந்தவனுக்கு இன்னும் நாலு பெரிதில்லை. "உங்கப்பன் பக்கத்துல எனக்கு எடங் கெடக்குது கண்ணு, மறந்துபோடாதே" என்று அம்மா போனில் தினமும் சொல்கிறாள். அவளுக்குக் காத்திருக்க நேரமில்லை.

இதுவரை உங்களிடம் எதையும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

ரூபன்


கிணத்துக்கடவு,
1 மார்ச் 2025

அன்புள்ள ரூபா,

என்ன எழுதுவதென்று தெரியவில்லை. அம்மா போன சேதி எனக்கு வியாழக்கிழமை சாயங்காலம்தான் தெரியும். புதன்கிழமை சிவராத்திரி. ஊர் சிவனுக்குக் கண் விழித்தது, நான் கல்லுக்கு. விடிந்ததும் படுத்தவன் கட்டைபோலத் தூங்கிவிட்டேன். நான் தூங்கினால் தலைமாட்டில் கொட்டடித்தாலும் கேட்காது என்று அம்மணி நாட்டுக்கே சொல்லி வைத்திருக்கிறாள். செவ்வந்தி வந்து சுவரைத் தட்டியதாக அப்புறம் சொன்னார்கள். விழித்திருந்தால் கடப்பாரையோடு நானே நின்றிருப்பேன்.

இந்த நேரத்தில் சொல்லலாமா தெரியவில்லை. நாலு ராத்திரியும் துளி மேகமில்லை. நீ சொன்ன ஒன்பது நிமிடம் வந்திருக்கிறது, ரூபா! எல்லாம் உன் அம்மாவின் ஆசீர்வாதம். கடைசி நாள் எடுத்த இருட்டுப் படங்கள்வரை அத்தனையும் அனுப்பிவிட்டேன்.

மனதைத் தேற்றிக்கொள்.

உன்
திருமலைசாமி


பிராக்,
10 மார்ச் 2025

திரு. திருமலைசாமி அவர்களுக்கு,

அளவுகள் சரியாக இருக்கின்றன. கல்லின் சுழற்சி கூடிக்கொண்டே போகிறது. இப்படியே போனால் சில லட்சம் வருடத்தில் தன் மேலிருக்கும் கற்களைத் தானே உதறிவிடும். கட்டுரையில் உங்கள் பெயர் இரண்டாவதாக வரும். அது உங்கள் உழைப்பு.

27ஆம் தேதி காலையில் செவ்வந்தி போனைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். இங்கே விடியவில்லை, நான் அடுப்படியில் நின்று பார்த்தேன். பத்தே முக்காலுக்குச் சுவரைத் தட்டினாள். "ஏனுங்ணா, அம்மாவக் கொண்டாந்திருக்கறமுங்க. ஒரு ஏணி குடுத்தாலும் போதுமுங்க, நாங்களே ஏத்தி எறக்கிக்கறமுங்க." இருபது நிமிடம் கூப்பிட்டாள். பிறகு கோயில் வீதிக்குப் போனார்கள். சிவராத்திரிக் கூட்டம் கலையவில்லை, விடவில்லை. ஒரு மணி நேரம் அம்மாவை வெயிலில், தார் ரோட்டில் இறக்கி வைத்திருந்தார்கள். கடைசியில் ஓடைக்குள் இறங்கினார்கள். சேற்றில் முன்னால் தூக்கியவர் வழுக்கியதும் நான் போனை அணைத்துவிட்டேன்.

தொலைநோக்கியை மூடிவைத்து எடுக்கும் இருட்டுப் படங்கள் இருபது அனுப்பியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் நீங்கள்தான் பொத்தானை அழுத்த வேண்டும். எடுத்த நேரம் அந்தந்தப் படத்திலேயே பதிந்துவிடும். நம் ஊர் நேரத்துக்கு மாற்றிப் பார்த்தேன். முதல் படம் 27ஆம் தேதி காலை பத்து நாற்பத்திரண்டு. கடைசிப் படம் பதினொன்று ஏழு.

இனி எழுத வேண்டாம்.

ரூபன்


கிணத்துக்கடவு,
27 ஏப்ரல் 2025

ரூபா,

எழுத வேண்டாம் என்றாய். சொன்ன பேச்சை நான் எப்போது கேட்டேன்?

விழித்துத்தான் இருந்தேன். காலை ஆறு மணிக்கே பறைச் சத்தம் கேட்டது. யாருக்கென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது, பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். செவ்வந்திக்கும் எனக்கும் நடுவே பதினைந்தடி. ஏணி என் முதுகுக்குப் பின்னால் சாய்ந்திருந்தது. வீட்டு வாசலில் தம்பிதுரை கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தான். நந்திதா கல்யாணத்துக்குப் பதினோரு வாரம் இருந்தது. இதுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பேன்.

உன் கடிதம் வந்த வாரமே சுவரை இடித்தேன். ஆள் வைக்கவில்லை, நாலு நாள் ஆயிற்று. தம்பிதுரை பேச்சை நிறுத்திவிட்டான். கல்யாணத்துக்குப் பங்காளிகள் ஒருவரும் வரமாட்டார்களாம். அம்மணி தட்டை வைக்கிற சத்தத்தில்தான் என்னோடு பேசுகிறாள். லாரி வெளிச்சம் தொலைநோக்கியின் கண்ணாடியிலேயே வந்து அடிக்கிறது.

காலனிக்குப் போய்ச் செவ்வந்தியிடம், "தடந் தொறந்தாச்சு" என்றேன்.

"சரிங்க" என்றாள். உட்காரச் சொல்லவில்லை. ஐம்பத்து மூன்று வயதில், அந்த வீட்டில் நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

போன வெள்ளிக்கிழமை காலனியில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இடித்த இடத்தில் போய் நின்றேன். வந்தார்கள். பாடையை நிறுத்தக்கூட இல்லை. என்னைத் தாண்டி ஓடைப் பக்கம் திரும்பினார்கள். கடைசியாக வந்தவர் மட்டும் நின்று, "வெயில்ல நிக்காதீங்க சாமி, உள்ள போங்க" என்றார்.

மறுநாள் அந்த வழியே நானும் நடந்து பார்த்தேன். மூன்று கிலோமீட்டர். சேற்றில் இரண்டு தரம் விழுந்தேன். தோட்டத்துத் தடத்தில் போனால் ஆறு நிமிடம். இதில் ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று. நான் வெறுங்கையோடு போனவன்.

திருமலைசாமி