பிடித்து வைத்த வருஷம்

ஜனவரி 9

அன்புள்ள வாத்திக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் நினைத்தேன். மூன்று மாதமாகக் கோமாவில் கிடப்பவள் அப்படி எழுதினால் நீ சிரிப்பாய். போனில் பேசினால் பாதியிலேயே "மீட்டிங்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

நம் டிவி தொடரில் என் பாத்திரத்துக்கு விபத்து நடந்ததிலிருந்து மாதத்துக்கு இரண்டு நாள்தான் படப்பிடிப்பு. போய்க் கண்ணை மூடிப் படுக்கிறேன். மூக்கில் குழாயை ஒட்டிக்கொண்டே மேக்கப் அக்கா சொல்கிறாள்: "உனக்கென்னடி, படுத்துக்கிட்டே சம்பாதிக்கிற!" மற்ற நாளெல்லாம் சும்மா. ஆனால் ஒப்பந்தப்படி வேறெங்கும் முகம் காட்டக் கூடாது.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு படத்தில் பஸ் கண்டக்டர் வேடம். முப்பத்தொன்பது வயதில், முதல் தடவையாகக் கதாநாயகி! ஏப்ரலில் தொடங்குகிறார்கள். என் ஒப்பந்த வருஷம் மார்ச் முப்பத்தொன்றோடு முடிகிறது. இன்னொரு வருஷம் நீட்டுவதும் விடுவதும் கம்பெனியின் விருப்பம். என் விருப்பத்துக்கு அதில் ஒரு வரிகூடக் கிடையாது. கதை எழுதுகிற அறையில் இருப்பவள் நீ. காதில் ஏதாவது விழுந்தால் சொல். அம்மாவையும் உன்னையும் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை.

உன்,
குருவி

ஜனவரி 26

அன்புக் குருவிக்கு,

கண்டக்டரா! ஒரு இடத்தில் நிற்கத் தெரியாதவளுக்கு நல்ல பொருத்தம். படித்ததும் எழுந்து நின்று கை தட்டினேன். பக்கத்து மேஜைக்காரர் பயந்துவிட்டார்.

கம்பெனி மேனேஜரிடம் பேச்சுவாக்கில் கேட்டுப் பார்த்தேன். "கடைசி நாள் வரைக்கும் டைம் இருக்குல்ல, இப்ப என்ன அவசரம்?" என்றார். விட்டுவிடுவார்கள் என்றுதான் தோன்றுகிறது. விபத்திலேயே உன்னை முடித்துவிடத்தான் இருந்தார்கள். "கோமான்னு வச்சுக்கலாம் சார்" என்று மன்றாடியவள் நான். உன் வேலையைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம் எனக்கு!

பட டைரக்டரை ஏப்ரல் ஒன்று வரை பொறுக்கச் சொல். பல்வலிக்கு டாக்டரைப் பார்த்தாயா? எத்தனை தடவை கேட்டாலும் அதற்கு மட்டும் உன்னிடமிருந்து பதில் வராது.

வாத்தி

ஏப்ரல் 2

வாத்தி,

முந்தாநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆள் வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு கவரைக் கொடுத்தான். உள்ளே ஒரே வரி: ஒப்பந்தம் மேலும் ஓராண்டுக்கு நீட்டிக்கப்படுகிறது. பட டைரக்டருக்குப் போன் செய்தேன். "இவ்வளவு நாள் பொறுத்துப் பார்த்தேங்க. இனிமே முடியாது" என்றார். அவர் மேல் தப்பில்லை.

நேற்று மேனேஜரிடமே போய், "எனக்குத்தான் வேலையே இல்லையே, ஏன் சார் பிடிச்சு வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். "வெளிய உங்களைக் கதாநாயகியாக் கேக்குறாங்கன்னா மதிப்பு இருக்குன்னுதானேம்மா அர்த்தம்? அப்படிப்பட்டவங்களை விடுவோமா?" என்று சிரித்தார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை.

ஒப்பந்தத்தைத் திரும்பப் படித்தேன். பாத்திரம் கதையில் இறந்துவிட்டால் ஒப்பந்தமும் முடிந்ததாம். அதனால் கேட்கிறேன். என்னைக் கொன்றுவிடேன். பெரிதாக ஒன்றும் வேண்டாம். டாக்டர் வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றினால் போதும். படம் போனது போனதுதான். அடுத்து ஏதாவது வந்தால் அதையாவது ஏற்றுக்கொள்ளலாம்.

குருவி

ஏப்ரல் 20

குருவி,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை கிழித்துப் போட்டேன்.

மேனேஜருக்குச் சொன்னது நான். பிப்ரவரியில் என்னைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்து, "உங்க ஃப்ரெண்டுக்கு வெளிய வாய்ப்பு ஏதாவது வருதா, பாவம்?" என்று கேட்டார். அந்தப் "பாவம்" எனக்குப் பொறுக்கவில்லை. பாவமெல்லாம் ஒன்றுமில்லை, அவள் கதாநாயகியாகப் போகிறாள் என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். உன்னைக் குறைத்துப் பேசிவிட்டாரே என்ற ரோஷம்தான். வேறொன்றும் நினைக்கவில்லை.

நீ கேட்டதையும் அறையில் சொல்லிப் பார்த்தேன். "படுத்திருக்கிறவளால உங்களுக்கு என்னங்க தொந்தரவு?" என்றார் தயாரிப்பாளர். எல்லோரும் சிரித்தார்கள். என் ஒப்பந்தமும் அதே கம்பெனியோடுதான். ஜூனில் நீட்ட வேண்டும். மகளுக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு இருக்கிறது. அதை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். இதைச் சமாதானமாக எழுதவில்லை. உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

திட்டியாவது ஒரு வரி எழுது.

வாத்தி

ஜூலை 4

வாத்திக்கு,

ஏப்ரல் கடிதத்துக்குப் பிறகு நீ எழுதிய மூன்றும் மேஜையில் பிரிக்காமல் கிடக்கின்றன. பிரித்தால் பதில் எழுதியாக வேண்டும். அதற்குத் தெம்பில்லை.

நேற்று எனக்குப் படப்பிடிப்பு. கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தேன். விளக்கு சரி செய்துகொண்டிருந்தவர்கள் என் தலைக்கு மேல் பேசிக்கொண்டார்கள். "அந்த ரைட்டரம்மாவுக்கு நீட்டலையாமே?" "ஆமா, ஆறு வருஷம் எழுதுனவங்க. போன வாரமே மேஜையைக் காலி பண்ணிட்டாங்க." அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கேமரா ஓடத் தொடங்கிவிட்டது. என் கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் போனது. தொடரின் டைரக்டர் கட் சொல்லிவிட்டுக் குனிந்து, "நினைவில்லாதவங்க அழக் கூடாதும்மா" என்றார். துடைத்துவிட்டு மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அழுதேன். நான்காவது தடவைதான் சரியாக வந்தது.

கோபம் போய்விட்டதா என்று கேட்காதே. போகவில்லை. அந்தப் படத்தின் முதல் போஸ்டரை அதற்குள் எங்கள் தெருமுனையிலேயே ஒட்டியிருக்கிறார்கள். தோளில் பையோடு வேறொருத்தி நிற்கிறாள். தினமும் அதைத் தாண்டித்தான் பால் வாங்கப் போகிறேன். ஆனால் உனக்கு நடந்ததைக் கேட்டபோது, சரியாகத்தான் ஆச்சு என்று ஒரு நொடிகூட எனக்குத் தோன்றவில்லை. அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு மார்ச் வரை மாதத்தில் இரண்டு நாள் போக எல்லா நாளும் சும்மாதான். உனக்கும் இனி அப்படித்தான். கிளம்பி வா. நீ எதையும் விளக்க வேண்டாம், நானும் எதையும் தோண்ட மாட்டேன். அம்மா கேட்டால் லீவில் வந்திருக்கிறாய் என்று சொல்லிக்கொள்ளலாம். காலையும் மாலையும் எங்கேயாவது நடந்து போவோம். படுத்துப் படுத்து முதுகெல்லாம் வலிக்கிறது.

குருவி