தார்ச்சாலை ஓரத்துப் பச்சை

மார்ச் 4

அன்புள்ள புல்லுக்கட்டுக்கு,

நலமா? உன் கள நிலையத்தில் இன்னும் புல்லை அறுத்து, காயவைத்து, எடை போட்டுக்கொண்டுதான் இருக்கிறாயா? நான் ஒரே ஒருநாள் காரில் வந்து புல் மாதிரி எடுத்ததோடு சரி, அப்புறம் ஏசி அறையை விட்டு நகராமல், செயற்கைக்கோள் படத்தை வைத்தே வறண்ட தாலுகா முழுவதற்கும் மேய்ச்சல் வரைபடம் போட்டுவிட்டேன். எங்கே பார்த்தாலும் பச்சை. மேலிடத்தில் ஒரே பாராட்டு. களச் சரிபார்ப்புத் தாளில் உன் கையெழுத்து வேண்டும். கையோடு மாற்றலுக்கும் எழுதிப் போடு. வீடு போட்டது போட்டபடி கிடக்கிறது.

உன் கணவன்

மார்ச் 11

மேலே இருந்தே பார்ப்பவருக்கு,

நலம். கையெழுத்துப் போடமாட்டேன். மாதிரி எடுத்த அன்று நானும் காரில் இருந்தேன். கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினீர்கள். "உள்ள போனா முள்ளு குத்தும், இங்கயே அறுக்கச் சொல்லு" என்றீர்கள். சாலையில் விழும் மழைத்தண்ணீரெல்லாம் ஓடி வந்து தேங்கும் ஓரம் அது. அங்கே புல் கொழுக்காமல் என்ன செய்யும்? அந்த எடையை வைத்துப் படத்தைக் கணித்தால் கட்டாந்தரையும் மேய்ச்சல் நிலமாகத்தான் தெரியும். இதை நம்பி, வறட்சிக்காக அரசு அனுப்பும் தீவன லாரிகளை நிறுத்தினால் ஆடுகள் சாகும். ஒருநாள் வந்து உள்ளே நடந்து பாருங்கள். வீட்டைப் பற்றி அப்புறம் பேசலாம்.

உங்கள் புல்லுக்கட்டு

மார்ச் 20

புல்லுக்கட்டுக்கு,

உனக்கு வயிற்றெரிச்சல். உன் கையெழுத்து இல்லாததால் குடி முழுகிவிடவில்லை. லாரிகளை நிறுத்த நேற்றே உத்தரவு போய்விட்டது.

உன் கணவன்

ஏப்ரல் 16

என் அன்பே,

இன்னும் கோபமா? இங்கே விசாரணை வைத்திருக்கிறார்கள். ஆடுகள் செத்ததற்கெல்லாம் என் வரைபடத்தைக் காரணம் காட்டுகிறார்கள். ஓரத்தில் அறுக்கச் சொன்னது நீதான் என்று ஒரு வரி எழுதிக் கொடு. சின்னப் பதவியில் இருப்பவளை யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள். புருஷனுக்காக இதுகூடவா முடியாது?

என்றும் உன்

ஏப்ரல் 22

மதிப்பிற்குரிய ஐயா,

சாலையை விட்டு உள்ளே போய் அறுத்த புல்லின் எடையை விசாரணைக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். ஓரத்தில் அறுக்கச் சொன்னது யார் என்பதையும் எழுதியிருக்கிறேன். லாரிகள் மறுபடி வருகின்றன. செத்த ஆடுகளை இழுத்துப் போட நானும் கை கொடுத்தேன். நாற்றம் இன்னும் போகவில்லை.

கோபமா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. கோபப்படுவதற்கும் ஒருவர் மேல் கொஞ்சம் மதிப்பு இருக்க வேண்டும். வீட்டுக்கு வரமாட்டேன். இனி எழுதுவதானால் அலுவலகத் தாளில், பதவியைக் குறிப்பிட்டு எழுதவும்.

இப்படிக்கு,
கள ஆய்வாளர்